சுவாமி வரும்வரை

வெள்ளவத்தை,
06.08.2023

அன்புள்ள அக்கா,

என் நம்பரை நீங்கள் தடுத்து வைத்திருப்பதால் கடதாசியில் எழுதுகிறேன். ஒரே கொழும்புக்குள் இருந்துகொண்டு முத்திரை ஒட்டி எழுதுவது விசித்திரமாகத்தான் இருக்கிறது. தபாற்கந்தோரில் முகவரியைப் பார்த்த பெண், "கொட்டாஞ்சேனைக்கா மிஸ்? பஸ்ஸில போனா ஒரு மணித்தியாலம்தானே" என்றாள். சிரித்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை அம்மாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வந்திருந்தேன். கோயிலில் கடைசி வரிசை வாங்கிலில் இருந்தேன். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பும்போது என்னைக் கண்டீர்கள். கண்டுவிட்டுத் தலைமுக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு போனீர்கள். பூசை முடிந்து நம் வீட்டுப் படிவரைக்கும் வந்தேன். ஏறத் துணிவு வரவில்லை. கீழே கடையில் நின்ற மஷூர் நானா, "மேல போகலயா தங்கச்சி? சரி, இதயாவது கொண்டு போங்க. ஒங்கட ராத்தா எனக்கு மூணு பார்சல் தந்திட்டா. எனக்கிருக்கிறது ஒரு வயிறுதானே" என்று ஒன்றைக் கையில் தந்தார். கத்தரிக்காய்ப் பால்கறியை வாயில் வைத்ததுமே உங்கள் கை தெரிந்தது. அழுதுகொண்டு சாப்பிட்டேன்.

செத்தவீட்டில் எல்லோருக்கும் முன்னால் நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன். அம்மா நோகாமல் போனார். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் வலி கூடியபோது என் கைகளை அவருடைய வயிற்றின் மேல் வைத்தேன். கை சூடானது. மூச்சு மெல்ல மெல்ல ஆறியது. நித்திரை என்றுதான் நினைத்தேன். மூச்சு மாறியது எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் பங்குச் சுவாமிக்கு ஃபோன் எடுக்கவில்லை. உங்களுக்கு ஒருமுறை எடுத்தேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குள் இருந்திருப்பீர்கள், கேட்டிருக்காது.

நீங்கள் அன்று என் கையில் திணித்த பிஸ்கட் டின் இங்கே அலுமாரிக்கு மேல் இருக்கிறது. திறக்கவில்லை. அதை என்ன செய்யவேண்டும் என்று எழுதுங்கள். ஒரு வரியாவது எழுதுங்கள்.

ஷெரோமி

~

கொட்டாஞ்சேனை,
21.08.2023

ஷெரோமிக்கு,

பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். நீ நடந்ததை உனக்கு வசதியாக எழுதி வைத்திருப்பதால் எழுதுகிறேன்.

அம்மாவை ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு அனுப்பியபோதே சுவாமியைக் கூப்பிட்டு அவஸ்தைப்பூசுதல், அந்தக் கடைசி எண்ணெய், கொடுப்பிப்போம் என்று நான் சொன்னேன். அம்மா விடவில்லை. "எண்ணெய் பூசினா ஆள் போயிடும் பிள்ளை. வேணுமெண்டு தெரியேக்க நானே கேக்கிறன்" என்றார். அந்தக் காலத்து ஆட்கள் எல்லோருக்கும் உள்ள பயம். அவர் கேட்கப்போகும் அந்த நிமிஷத்துக்காகத்தான் டின்னை ஆயத்தம் பண்ணிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். வெள்ளை மேசை விரிப்பு, சிலுவையில் பாடுபட்ட சுரூபம், மந்திரித்த மெழுகுதிரி இரண்டு, தீர்த்தம், பஞ்சு, நெருப்புப் பெட்டி. மூடியின் உட்பக்கத்தில் சுவாமியின் நம்பர், சிவப்பு மையில். உன்னிடம் எத்தனை முறை சொன்னேன்? அம்மா கேட்டால், அல்லது மூச்சு மாறினால், முதலில் சுவாமி. பிறகு நான். அவர் மோட்டார் சைக்கிளில் வர ஆறு நிமிஷம்.

எழுபத்தாறு வயதுவரைக்கும் ஒரு ஞாயிறு தவறாத பெண், எண்ணெய் இல்லாமல் போனார். நான் வந்தபிறகு சுவாமியைக் கூப்பிட்டேன். செபம் சொன்னார். "உயிரோட இருக்கிறவைக்குத்தான் பிள்ளை எண்ணெய்" என்று சொல்லி என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலை மறக்கமாட்டேன்.

டின்னை நீயே வைத்திரு. அது கண்ணில் படும்போதெல்லாம் நினைத்துக்கொள்.

உன் கைச்சூட்டைப்பற்றி எனக்கு எழுதாதே.

யூஜினா

கத்தரிக்காய் நான் சமைத்ததல்ல. ஜம்பட்டா வீதியில் ஓடருக்குச் சமைத்துக் கொடுக்கிறவனுடையது.

~

வெள்ளவத்தை,
10.09.2023

அன்புள்ள அக்கா,

எழுதாதே என்றீர்கள். எழுதாவிட்டால் நான் ஏதோ மந்திரக்காரியிடம் மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறவள். நரம்பு எது, இரத்தக் குழாய் எது என்று கரும்பலகையில் கீறிக் காட்டுகிறவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பெண் கேட்டதற்காகத்தான் அந்த மேல்மாடிக்குப் போனேன். கீழே கொத்துறொட்டிக் கடை. பின்பக்கம் ரயில் பாதை, அதற்கு அப்பால் கடல். தாரிகா அக்கா என்ற சிங்களப் பெண் நடத்துகிறார்; முன்பு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சிச் சிகிச்சை கொடுத்தவர், இப்போது ஓய்வு. காசு வாங்குவதில்லை. வாசலில் ஒரு வாளி இருக்கும். விரும்பினால் பூ கொண்டுவந்து போடலாம்.

கண்ணை மூடி இருக்கச் சொன்னார். இருந்தேன். நாளைக்கு என்ன சமைப்பது என்று யோசித்தேன். மொறட்டுவைப் பக்கம் போகிற ரயில் வந்தது. கட்டடமே அதிர்ந்தது. அந்த அதிர்வு போனபிறகும் எனக்குள் நிற்கவில்லை, அக்கா. முள்ளந்தண்டின் அடியிலிருந்து ஒரு வெதுவெதுப்பு ஏறி உச்சந்தலைவரை வந்து, தோள் வழியாகக் கைக்கு இறங்கியது. பயமில்லை. யாரோ என்னை இவ்வளவு காலம் தேடிக்கொண்டிருந்து அன்றுதான் கண்டுபிடித்ததுபோல இருந்தது. வெளியே வந்தபோது காலி வீதியைக் கடக்க நின்ற அத்தனை பேரும் எனக்குச் சொந்தக்காரர் போலத் தெரிந்தார்கள். ஒரு கிழமை யாரையும் ஏசவில்லை. வகுப்பில் பிள்ளைகளே பயந்துபோனார்கள்.

வீட்டுக்கு வந்து சாந்தனிடம் சொன்னேன். சிரித்தார். "எங்கட ஆக்கள் இதைக் குண்டலினி எண்டு எப்பவோ எழுதி வச்சிட்டினம். நீர் இப்பதான் கண்டுபிடிச்சனீரோ?" என்றார். தாரிகா அக்கா பிராண சக்தி என்பார். மஸாஹிரா என்று ஒருத்தி வருவாள். அவள் பெயரே வைக்கமாட்டாள். "அல்லாட ரஹ்மத்து, அவ்வளவுதான்" என்பாள். அவளுடைய உம்மா தண்ணீரில் ஓதி ஊதிக் கொடுக்கும்போது கிண்ணம் இளஞ்சூடாகுமாம். நான் எனக்குள்ளே பரிசுத்த ஆவி என்று சொல்லிக்கொண்டேன். எல்லாம் ஒன்றுதான் அக்கா. ஒரே மின்சாரம்தான் எல்லா வீட்டிலும் எரிகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். செவ்வாய்க்கிழமைகளில் நீங்கள் கொச்சிக்கடைக்குப் போகப் படி இறங்கியதும் அம்மா, "கையை வை பிள்ளை" என்பார். நானாக வைத்ததில்லை. அவர்தான் கேட்பார். வைத்தால் வலி குறையும் என்பார். "மூத்தவளுக்குச் சொல்லாத, அவள் வேற மாதிரி எடுப்பாள்" என்றும் சொன்னார்.

ஷெரோமி

~

கொட்டாஞ்சேனை,
15.10.2023

ஷெரோமிக்கு,

எனக்குச் சொல்லவேண்டாம் என்றாரா? சரி.

இரண்டு வருஷம் அவருடைய மலத்தையும் சலத்தையும் இந்தக் கையால் எடுத்தேன். கப்பல் ஏஜென்சியில் லீவு முடிந்து, சம்பளமில்லாத லீவும் முடிந்து, மத்தியானம் ஓடிவந்து துடைத்துவிட்டுத் திரும்பி ஓடினேன். அதற்குக் கை சூடாக இருக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. நீ கிழமையில் ஒரு மத்தியானம் வந்தாய். கையை வைத்தாய். அம்மாவுக்கு இதம்.

எல்லாம் ஒன்று என்று எனக்குப் பாடம் எடுக்கிறாய். ஒரு செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்கு வந்து பார். பொட்டு வைத்தவள் நிற்பாள். அபாயா போட்டவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். தாமரை மொட்டோடு சிங்களக் கிழவி நிற்பாள். மூன்று பேரும் அந்தோனியாரின் கண்ணாடியில் ஒரே இடத்தைத்தான் தடவுகிறார்கள். அவர்களில் ஒருத்தியும் எல்லாம் ஒன்று என்று சொல்லி நான் கேட்டதில்லை. மகனுக்கு விசா, புருஷனுக்குக் குடி நிற்கவேண்டும், கேட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அவர்களுக்குத் தங்கள் வீடு எது என்று தெரியும். உனக்குத்தான் எல்லா வீடும் உன்னுடையது.

ஒரு விஷயம் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன்மேல் உள்ள கோபத்தில்தான் வருகிறது, வரட்டும்.

உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சாந்தனைக் கல்யாணம் முடித்துப் போன வருஷம் அம்மா என்னை எழுப்புதல் கூட்டம் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனார். செபிக்கிறவர் தலையில் கை வைக்க வைக்க எல்லோரும் விழுந்தார்கள். பின்னால் பிடிக்க ஆள் நிற்கும். எனக்கு முன்னால் நின்றவள் விழுந்தாள். அதற்கு முன்னால் நின்றவளும் விழுந்தாள். என் தலையில் கை வைத்தார். ஒன்றும் இல்லை. அவருடைய கையில் ஒரு சோப் வாசம், அவ்வளவுதான். அழுத்திப் பார்த்தார். அம்மா பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. நான் விழுந்தேன். வேண்டுமென்று விழுந்தேன். பிடிக்கவேண்டியவன் வேறு பக்கம் பார்த்திருக்கிறான். பின்மண்டை சீமெந்தில் அடித்து முட்டைபோல வீங்கியது. அம்மா லேன் முழுக்கச் சொல்லித் திரிந்தார், "எங்கட யூஜினாவுக்கு ஆவி இறங்கினது" என்று. சாகும்வரைக்கும் சொன்னார்.

நாற்பத்தெட்டு வருஷத்தில் எனக்கு ஒன்றுமே இறங்கியதில்லை, ஷெரோமி. ஒரு வெதுவெதுப்பும் இல்லை. நான் சுவரைப் பார்த்துச் செபம் சொல்கிறவள். அதனால்தான் எனக்கு எண்ணெய் வேண்டும். உள்ளே ஒன்றும் தெரியாதவர்களுக்கு வெளியே தொட்டுப் பார்க்க ஏதாவது வேண்டும்.

யூஜினா

~

வெள்ளவத்தை,
03.12.2023

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைப் படித்து, பின்மண்டை வந்த இடத்தில் சிரித்தேன். சாந்தன் என்ன என்று கேட்டார். சொல்லவில்லை. அதற்குப் பிறகு சிரிக்க முடியவில்லை.

பதில் எழுத ஏழு கிழமை போய்விட்டது. மூன்று முறை எழுதிக் கிழித்தேன்.

நான் இப்போது சனிக்கிழமைகளில் மேல்மாடிக்குப் போவதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள். தாரிகா அக்கா ஒரு நாள் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். கோப்பையை நீட்டும்போது என் விரலைத் தொட்டுப் பார்த்தார்.

நீங்கள் துடைத்த கை. அதைப்பற்றி எழுதியிருந்தீர்கள். மூன்று முறையும் அந்த இடத்தில்தான் கிழித்தேன்.

நத்தாருக்கு வரட்டுமா? மேலே ஏறமாட்டேன். பாலன் குடிலுக்கு வைக்கோல் பிரிக்கக் கீழே இருந்து உதவி செய்துவிட்டுப் போகிறேன். அம்மா இல்லாத முதல் நத்தார்.

ஷெரோமி

~

கொட்டாஞ்சேனை,
14.01.2024

ஷெரோமிக்கு,

நத்தாருக்கு நான் குடில் வைக்கவில்லை. அதனால் பதில் எழுதவில்லை.

போன கிழமை மஷூர் நானா புதுவருஷக் கலண்டர் ஒன்றோடு மேலே வந்தார். அம்மாவின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அதைச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"றோஸி ஆன்டிக்குக் கெடச்சது நல்ல மௌத்து மிஸ். அண்டைக்கு ரெண்டு மணி இருக்கும், மா பக்கட் கொண்டுவந்து படியில வச்சிட்டு நிண்டேன். உள்ளுக்க ஆன்டி சொல்றது கேட்டிச்சு. 'சுவாமிய கூப்பிடு'ண்டு. ரெண்டு தரம். ரெண்டாந்தரம் நல்ல சத்தமா. கடைசி நேரத்தில வாயில அது வாறது எல்லாருக்கும் கெடைக்காது. அதான் நீங்க கவலப்படாதீங்க."

நான் "ஓம் நானா" என்றேன். அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன். சீனி போட மறந்துவிட்டேன். அவர் குடித்தார்.

நித்திரை என்று நினைத்ததாக எழுதியிருந்தாய். மூச்சு மாறியது தெரியாது என்று எழுதியிருந்தாய்.

அம்மா கேட்டாரா?

ஒரு சொல்லில் பதில் போதும். சக்தி, மின்சாரம் ஒன்றும் வேண்டாம்.

யூஜினா

~

வெள்ளவத்தை,
14.02.2024

அக்கா,

கேட்டார்.

ஒரு சொல் போதும் என்றீர்கள். ஒரு மாதம் அந்த ஒரு சொல்லை எழுதப் பார்த்தேன். இன்று விபூதிப் புதன். காலையில் நெற்றியில் சாம்பலோடு பள்ளிக்கூடத்துக்குப் போய், பின்னேரம் வந்து இதை எழுத இருக்கிறேன். முழுவதையும் எழுதிவிடுகிறேன். பிறகு நீங்கள் கிழித்தாலும் சரி.

வெளியே மழை. அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். என் கை அவருடைய வயிற்றில். திடீரென்று கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "காணும் பிள்ளை, கையை எடு. சுவாமியைக் கூப்பிடு" என்றார். குழறவில்லை. தெளிவாகச் சொன்னார். நான் "ஓமம்மா, இப்ப கூப்பிடுறன்" என்றேன்.

கூப்பிடவில்லை. கையையும் எடுக்கவில்லை.

அன்று என் கையில் இருந்ததுபோல அதற்கு முன் ஒருநாளும் இருந்ததில்லை, அக்கா. தோளிலிருந்து விரல் நுனிவரைக்கும் ஆறு ஓடுவதுபோல. இன்னும் ஐந்து நிமிஷம் விட்டால் வலி மட்டுமல்ல, நோயே போய்விடும் என்று நினைத்தேன். ஈரல் முழுக்கப் பரவிய புற்றுநோய். படம் கீறிப் படிப்பிக்கிறவள் அப்படி நினைத்தேன். சுவாமி வந்தால் என்னை எழும்பச் சொல்வார், மேசை போடச் சொல்வார், அது நின்றுவிடும். எண்ணெய் பூசினால் அம்மா போய்விடுவார் என்ற அவருடைய பழைய பயம் எனக்குள்ளும் இருந்திருக்கவேண்டும். நானே அவரைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்தேன்.

இரண்டாம் முறை சத்தமாகக் கேட்டார். அப்போதுதான் பயந்துபோய் ஃபோனை எடுத்தேன். சுவாமிக்கு அல்ல, உங்களுக்கு. நீங்கள் எடுத்து "அறிவிருக்கா உனக்கு, கூப்பிடு" என்று ஏசியிருந்தால் கூப்பிட்டிருப்பேன். அதற்காகத்தான் எடுத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. அதை ஓர் அடையாளம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது எல்லாமே அடையாளம். திரும்பக் கையை வைத்தேன். அம்மா அதற்குப் பிறகு கேட்கவில்லை. என் கையைத் தள்ளப் பார்த்தார். பலம் இருக்கவில்லை. கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

நோகாமல் போனார் என்று உங்களுக்கு எழுதினேன். அது எனக்குத் தெரியாது.

எல்லாம் ஒன்றுதான் என்று நம்பினேன். ஒன்றுதான் என்றால் சுவாமி வந்தால் என்ன குறை என்று என்னையே நான் கேட்கவில்லை. அம்மாவுக்கு வேண்டியது சக்தி அல்ல. அவருடைய சுவாமி, அவருடைய எண்ணெய், சின்னதிலிருந்து அவருக்குத் தெரிந்த அந்தச் செபம். நான் என்னுடையதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் காணும் என்ற பிறகும் கொடுத்தேன்.

அன்றிலிருந்து கை குளிர்ந்துவிட்டது. சட்டென்று, அதே கட்டிலில். இன்றுவரை வரவில்லை. போன மாதம் மேல்மாடிக்குப் போய்த் தாரிகா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நங்கி, கை வைக்கச் சொன்னது நான். கதவு பூட்டச் சொல்லயில்லையே" என்றார். மஸாஹிரா மட்டும் வெளியே வந்து செருப்பு மாட்டும்போது என் பக்கத்தில் குந்தி இருந்தாள்.

மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. கேட்டார் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். அம்மா தன் விசுவாசத்தில்தான் போனார். தவறினது நான்.

ஷெரோமி

~

வெள்ளவத்தை,
07.04.2024

அக்கா,

உயிர்ப்புத் திருநாளும் போய்விட்டது. உங்களிடமிருந்து ஒன்றும் வரவில்லை. வராது என்று தெரிந்தும் தபால்காரரின் மணியைக் கேட்டால் எழும்புகிறேன்.

மஷூர் நானாவின் கடைக்கு ஃபோன் எடுத்தேன். நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டேன். "இருக்கா. ஆனா மெலிஞ்சிட்டா" என்றார். அவரோடு கோபப்படவேண்டாம்.

ஷெரோமி

~

கொட்டாஞ்சேனை,
18.06.2024

ஷெரோமிக்கு,

உன் மாசிமாதக் கடிதத்தை நான்கு மாதம் வைத்திருந்தேன். முதலில் எரிக்க நினைத்தேன். பிறகு கொண்டுபோய் மாதம்பிட்டிச் சேமக்காலையில் அம்மாவின் கல்லறையில் வாசிக்க நினைத்தேன். போனேன். பக்கத்தில் யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தான், வாசிக்க வெட்கமாக இருந்தது. அம்மாவுக்கு எல்லாம் தெரியும்தானே, நான் எதை வாசிப்பது?

பெரிய வியாழனுக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். முழந்தாளிட்டதும் வாயில் வந்தது முழுக்க உன் பாவம். என் தங்கச்சி இப்படிச் செய்தாள், அப்படிச் செய்தாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன். சுவாமி கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "இனி உம்மட பாவத்தைச் சொல்லும் பிள்ளை" என்றார். எழும்பி வந்துவிட்டேன். சொல்லவில்லை. அதனால் உயிர்ப்புக்கு நான் நற்கருணை வாங்கவில்லை. வாழ்க்கையில் முதல்தரம்.

அதை உனக்குச் சொல்லாமல் அங்கே சொல்ல முடியாது என்று இப்போதுதான் விளங்குகிறது.

நீ அன்றைக்கு ஃபோன் எடுத்தது கேட்டது.

ஃபோன் கைப்பையில் நடுங்கியது. எடுத்துப் பார்த்தேன். உன் பெயர். எனக்கு முன்னால் வரிசையில் மூன்று பேர்தான். ஒரு மணித்தியாலம் மழையில் நனைந்து நின்று அந்த இடத்துக்கு வந்திருந்தேன். என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஷெரோமி. வேறு எதற்கு நீ அந்த நேரம் எடுப்பாய்? திரும்பப் பையில் போட்டேன். தொட்டுவிட்டு எடுப்போம் என்று நினைத்தேன்.

அன்றைக்கு நான் என்ன கேட்கப் போனேன் என்று உனக்குத் தெரியாது. சுகம் கேட்கப் போகவில்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடு என்று கேட்கப் போனேன். அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். எனக்காகவும்தான். அன்று காலையில் மூன்றாவது முறை விரிப்பு மாற்றியபோது என் கை அவரைக் கொஞ்சம் முரட்டாகத் திருப்பியது. அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையோடுதான் வரிசையில் நின்றேன். இவ்வளவு காலமும் ஒன்றும் உணராதவள், இன்றைக்காவது ஏதாவது இறங்கும், ஒரு சின்னச் சூடாவது வரும், வந்தால் கேட்டது கேட்டதாகிவிடும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் உன் ஃபோனை எடுத்தால் அது கலைந்துவிடும். நீ எழுதியிருந்தாயே, சுவாமி வந்தால் நின்றுவிடும் என்று. அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எண்ணவில்லை.

முறை வந்தது. தொட்டேன். கண்ணாடி குளிர்ந்திருந்தது. எல்லோருடைய விரல் ஈரமும் அதில் இருந்தது.

வெளியே வந்து உனக்கு எடுத்தேன். நீ எடுக்கவில்லை. திரீவீலில் ஏறும்போதே தெரியும்.

செத்தவீட்டில் நான் கத்தினேனே, சுவாமிக்கு ஏன் எடுக்கவில்லை, எனக்கு ஏன் எடுக்கவில்லை என்று. நீ வாய் திறந்து "எடுத்தனான் அக்கா" என்று சொல்லவில்லை. கடிதத்தில்தான் மெதுவாக எழுதினாய், கேட்டிருக்காது என்று. நான் அந்த வரிக்குப் பதில் எழுதவே இல்லை.

மன்னித்தேன் என்று எழுத எனக்கு வரவில்லை. எழுதினால் அதுவும் அந்தக் கூட்டத்தில் விழுந்த மாதிரி ஆகிவிடும். நீ அம்மா கடைசியாகக் கேட்டதைப் பொருட்படுத்தவில்லை. நான் உன் ஃபோனைப் பொருட்படுத்தவில்லை. இரண்டில் எது பெரியது என்று எனக்குத் தெரியாது. உன்னுடையது என்றுதான் இன்னும் தோன்றுகிறது. பொய் எழுதமாட்டேன்.

ஜூலை நான்காம் திகதி வியாழன், பின்னேரம் ஐந்தரைக்கு அம்மாவின் ஆண்டுப் பூசை. முதல் வாங்கிலில் இருப்பேன். பக்கத்தில் இடம் இருக்கும். சாந்தனையும் கூட்டிக்கொண்டு வா. சமைப்பது நான்தான், இந்த முறை.

டின்னைக் கொண்டுவரவேண்டாம். அது உன்னிடமே இருக்கட்டும். ஆனால் இப்போது திற. மெழுகுதிரி இரண்டும் வெக்கையில் வளைந்திருக்கும், மாற்று. தீர்த்தம் வற்றியிருக்கும். பஞ்சும் புதிதாக வை. அந்தச் சுவாமி மாறிப் போய்விட்டார். வந்திருக்கிறவருடைய நம்பரை இந்தக் கடதாசியின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். மூடியில் பழையதை வெட்டிவிட்டு இதை எழுது, சிவப்பில்.

இப்போது அம்மாவின் அறையில்தான் படுக்கிறேன். எனக்கு வருகிற மாதம் நாற்பத்தொன்பது. எனக்குப் பின்னால் ஒருவரும் இல்லை. என்னுடைய நேரம் எப்போது வருகிறதோ, அதைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். அது நீதான். வேறு யாரைச் சொல்ல?

முதலில் சுவாமியைக் கூப்பிடு. கூப்பிட்டுவிட்டு, அவர் வரும்வரைக்கும் கையை வை. சூடாக இருக்கவேண்டும் என்றில்லை. நான் எடு என்றால் எடு.

அக்கா